இடது பின்சக்கரம்

காங்கேயம்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள மிதுனுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் அந்தக் குளிரில் சளி, இருமல் அண்டாமல், வேளைக்கு ஏதாவது சூடாகச் செய்து சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நினைத்து எழுதுகிறேன். உடம்பளவில் என்று எழுதியதை நீ கவனித்திருப்பாய். போன வாரம் சனிக்கிழமை, கோயமுத்தூர் கணபதியில் டயர் கடையில் நின்றுகொண்டிருந்தபோது நான் ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டேன். வண்டியைக் கல்லில் ஏற்றியது நான், பிரான்சிஸ் இல்லை. அவ்வளவுதான் அந்த வாக்கியம். எட்டு நாளாக அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன், புத்தகத்தை எடுத்தால் நாலு பக்கம் நகர்வதில்லை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுகிறேன், எதற்கு வந்தேன் என்று மறந்து திரும்பி இறங்குகிறேன். வெள்ளிக்கிழமை போனில் நீ, சித்தி, பிரான்சிஸ் அண்ணா பொய் சொன்னார், மன்னித்தும் திமிராகப் போய்விட்டார் என்று அப்பா சொல்கிறாரே, அவரா அப்படி என்று கேட்டாய். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அப்புறம் பேசலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் கூட்டிப்போன மனிதர், உனக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர், அவரைப் பற்றி நீ கேட்டதற்கு நான் அரைப் பதில்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். ஆடிட்டர் வரதராஜுலுவின் மகள் வியாழக்கிழமை உன் ஊருக்கே கிளம்புகிறாள், கொள்ளுப் பொடியோடு இதையும் அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஆடி மாதத்திலிருந்து நான் அந்தப் பெரிய வண்டியை ஓட்டப் பழகிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்டுப் பார்த்தேன், 'அத்தாப் பெரிய வண்டிய வெச்சுட்டு நீ என்ன பண்ணப்போற அம்மணி, கூப்பிட்டா பிரான்சிஸ் வாரான், எங்க போகோணும்னு சொல்லு, போலாம்' என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் எங்கே போகவேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் போய்வரத்தான் எனக்கு ஆசை. கோயமுத்தூரில் ஏதாவது ஒரு நூலகத்தில் அரைநாள் உட்கார்ந்துவிட்டு, எங்கோ ஒரு காபி குடித்துவிட்டு, வாசலில் யாரும் எனக்காகக் காத்து நிற்காமல் திரும்பி வரவேண்டும். முப்பத்தைந்து வயதில் இப்படியொரு ஆசையா என்று நீ சிரிக்கலாம். பிரான்சிஸ் இரண்டு நாள் தலையைச் சொறிந்தார், முதலாளிக்குத் தெரியாமயா என்றார், மூன்றாம் நாள் 'வாங்க அம்மணி, ஸ்கூட்டர் ஓட்டறவங்களுக்கு இது ஒரு வித்தையே இல்லீங்க, என்ன, எருமை மேல உக்காந்தாப்பல இருக்கும், அது திரும்பறப்ப நாம அவசரப்படக் கூடாதுங்க, அவ்வளவுதான்' என்றார். அப்பா மில்லுக்குக் கிளம்பிய பிறகு, இப்போது தேங்காய் உலர்த்தாமல் சும்மா கிடக்கிறதே நம் பழைய களம், அங்கேதான் ஓட்டுவோம். புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை நான் அவசரப்பட்டேன். களத்தைச் சுற்றித் திரும்பும்போது இடது பின்சக்கரம் ஓரத்துக் கல்லின் மேல் ஏறிப் பொத்தென்று இறங்கியது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். ரிம்மில் நகத்தளவு கீறல், டயரின் வெளிப்பக்கம் வெறும் மண். பிரான்சிஸ் துண்டால் துடைத்துவிட்டு ஒண்ணுமில்லீங்க என்றார். உள்பக்கத்தைப் பார்க்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அதே டயரின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் நாங்கள் ஊட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தோம், அவிநாசிக் கோவிலுக்கும் போய்வந்தோம்.

சனிக்கிழமை டயர் கடைக்குப் போனது வேறு காரணத்துக்காக. நான்கும் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டன, மழை பிடிப்பதற்குள் மாற்றலாமா, இன்னும் கொஞ்சம் ஓட்டலாமா என்று பார்த்துவரத்தான் போனோம். கடைக்காரர் முஜீப் வண்டியை மேலே தூக்கிக் கையால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தார், இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. 'தம்பிதுரை அண்ணா, இதை வந்து பாருங்க' என்று அப்பாவைக் கூப்பிட்டார். பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து ஒட்டியதுபோல ஒரு வீக்கம். 'கல்லுல ஏத்தி அடிச்சிருக்காங்க. உள்ள நூலு அறுந்துபோச்சு, காத்து வெளிய வந்து ரப்பரைத் தள்ளிட்டு நிக்குது. நூறுல போறப்ப வெடிச்சிருந்தா வண்டி உருண்டிருக்குமுங்க' என்றார். அப்பா அந்த வீக்கத்தை விரலால் அமுக்கிப் பார்த்தார், பிறகு பிரான்சிஸைப் பார்த்து 'எப்பப்பா அடிச்சே?' என்றார். பிரான்சிஸ் தரையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, மிதுன், ஒரு முறைகூட என் பக்கம் திரும்பவில்லை. 'தெரியலீங்க முதலாளி' என்றார். அப்பாவுக்கு அதில்தான் கோபம் வந்தது. 'பதிமூணு வருசமா ஓட்டற, பொத்துனு ஏறி எறங்குனது உனக்குத் தெரியாதா? டயரு போனாப் போவுது, நாளைக்கே வாங்கிப் போட்டுக்கலாம். எங்க உசுர இதுல வெச்சு ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போனயே, வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?' என்றார். கடையில் இருந்த நாலு பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் வேறு முதலாளிகளின் டிரைவர்கள். வண்டியை அடித்துவிட்டு மறைக்கிறவன் என்று ஒரு டிரைவரைப் பற்றி கணபதியில் ஒரு பேச்சு கிளம்பினால் அது காங்கேயத்துக்கு அவருக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும், இது எனக்கு அப்போதே தெரியும். நான் முஜீப்பின் சுவரில் மாட்டியிருந்த டயர்களின் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் எந்த டயர் என்ற பேச்சு. அப்பா ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னார், முஜீப் கூடவே கூடாது என்றார், 'இது நாலு சக்கரமும் சேந்து இழுக்கற வண்டிங்கண்ணா. புதுசு பெருசா நிக்கும், பழசு தேஞ்சு சிறுசா நிக்கும், சிறுசு வேகமா சுத்தும், பெருசு மெதுவாச் சுத்தும், உள்ள கியருங்க ஒண்ணையொண்ணு தின்னுபோடும்' என்றார். ஆகவே நான்கும் மாற்றவேண்டும். நான்கு என்று ஆனதும் அப்பாவின் கண் சுவரில் இருந்த காட்டு டயருக்குப் போய்விட்டது, பட்டன் என்கிறார்களே மேலே உள்ள ரப்பர்க் கட்டைகள், அவை தேங்காய் மட்டை கனத்துக்குப் புடைத்துக்கொண்டிருந்தன. காட்டுக்குள்ள போற வண்டி காட்டு டயரோடதான் இருக்கோணும் என்றார். பிரான்சிஸ், அத்தனை ஏச்சு வாங்கிய பிறகும், 'நூத்துக்குத் தொண்ணூறு நாளு தார் ரோட்டுலதானுங்க ஓடுது முதலாளி, இதப் போட்டா மழையில பிரேக் புடிச்சா நிக்கறதுக்கு நேரமாகுமுங்க, ரோட்டு டயரே போடுங்க' என்றார். முஜீப்பும், 'காட்டு டயரு போட்டா உள்ள உக்காந்து பேசறது ஒருத்தருக்கொருத்தர் காதுல உழுகாதுங்கண்ணா' என்றார். 'அது நல்லதுதான் முஜீப்பு, எங்க ஊட்டுல அம்மணி பொஸ்தகம் படிக்கும், நான் போன்ல கணக்குப் பேசுவேன், நாங்க என்னைக்குப் பேசுனோம்' என்று அப்பா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிரான்சிஸ் மட்டும் ஸ்டெப்னியை இறக்கிக்கொண்டிருந்தார். அதை மாட்டிக்கொண்டு மெதுவாகத் திரும்பி வந்தோம்.

நம் வீட்டில் பூ கேட்காமல் எதுவும் நடக்காது என்று உனக்குத் தெரியும், தோட்டத்தில் போர்வெல் போட்டதும் அப்படித்தான், நீ ஜெர்மனியா ஆஸ்திரேலியாவா என்று முடிவானதும் அப்படித்தான். திங்கட்கிழமை காலை அப்பா என்னைத் தோட்டத்துக் கருப்பராயன் கோவிலுக்குக் கூட்டிப்போனார். இரண்டு கேள்வி கேட்கவேண்டும் என்றார், டயர் ஒன்று, பிரான்சிஸை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்பது இன்னொன்று. பிரான்சிஸ்தான் வண்டியை ஓட்டிவந்தார், வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார், உள்ளே என்ன கேட்கப்போகிறோம் என்று அவருக்கும் தெரியும். பூப் பொட்டலம் கட்டுவது எப்போதும் போல என் வேலை. வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, வாழையிலைத் துண்டில் ஒரே அளவாகச் சுற்றி நாரால் கட்டி, சாமி காலடியில் வைத்தேன். வெள்ளை என்றால் ரோட்டு டயர், சிவப்பு என்றால் காட்டு டயர். பூசாரி நஞ்சுண்டன் கண்ணை மூடிக்கொண்டு குலுக்கி ஒன்றை எடுத்தார், வெள்ளை வந்தது. அப்பா வழக்கம்போல மற்றதையும் பிரித்துச் சிவப்பைப் பார்த்துக்கொண்டார். 'கருப்பராயனும் பிரான்சிஸ் பக்கந்தானா' என்று முணுமுணுத்தார், ஆனால் ஆசைப்பட்ட டயரை அந்த நிமிடமே விட்டுவிட்டார். பிறகு குழாயில் கை கழுவிவரப் போனார். அடுத்த கேள்விக்கு நான் கட்டவேண்டும். வெள்ளை என்றால் வைத்துக்கொள்வது, சிவப்பு என்றால் அனுப்பிவிடுவது. நான் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையை வைத்துக் கட்டினேன். அவ்வளவு சுலபமாக இருந்தது. ஒரு வாக்கியம் சொல்வதைவிட இரண்டு பூ எடுத்து வைப்பது எவ்வளவோ சுலபம். நஞ்சுண்டன் ஒன்றை எடுத்துப் பிரித்தார், வெள்ளை. அப்பா மற்றதற்குக் கை நீட்டினார், அதற்குள் நஞ்சுண்டன் அதை என் கையில் வைத்து, 'ஒரு தடவ பாத்தாப் போதுமுங்க, அம்மணி, இதைக் கொண்டுபோயிக் கெணத்துல போட்டுருங்க' என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. (உன் ஜெர்மனிப் பொட்டலத்தையும் நான்தான் கட்டினேன். அதில் ஒரு தில்லுமுல்லும் இல்லை, பயப்படாதே.)

அப்பா வெளியே வந்தார், அவர் முகத்தில் நிஜமாகவே பாரம் இறங்கியிருந்தது. பிரான்சிஸின் தோளில் கை வைத்து, 'கருப்பராயன் உன்னைய மன்னிச்சுப்போட்டான், நானும் மன்னிச்சுப்போட்டேன், போ, நாளைக்கழிச்சு டயர மாத்தீட்டு வா' என்றார். பிரான்சிஸ் சரிங்க என்றார். எனக்கும் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது போல இருந்தது, அன்று மட்டும் முப்பது பக்கம் படித்தேன். புதன்கிழமை முஜீப் கடைக்கு நானும் கூடப் போனேன், அப்பாவுக்கு மில்லில் வேலை. பிரான்சிஸ் டயர் மாற்றுவதை நீ பார்த்திருக்கவேண்டும். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் நாலு எண் அச்சடித்திருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம், அது செய்யப்பட்ட நாள். முதலில் எடுத்துவந்த நான்கில் இரண்டு போன வருடத்துக்கு முந்தைய வருடத்தவை. 'பட்டன் புதுசா இருந்தாப் போதுமுங்களா முஜீப் பாய், ரப்பருக்கு வயசாயிருச்சே, இதையத் திருப்பி உள்ள வைங்க' என்று அனுப்பிவிட்டார். அடுத்து எடைக்கான எண்ணைப் பார்த்தார், இந்த வண்டி இரண்டரை டன், ஆள் ஏறினால் மூன்று, அதற்குக் குறைந்ததைத் தொடக்கூட விடவில்லை. முஜீப், உங்க முதலாளியே இத்தன பாக்க மாட்டாரு என்று கேலி செய்தார். சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்ட் முடிந்ததும், நானும் உள்பக்கம் பார்க்கவேண்டும் என்று பிரான்சிஸ் என்னையும் குனியவைத்து நான்கையும் காட்டினார்.

திரும்பும் வழியில்தான் சொன்னார். புது டயருக்குச் சத்தமே இல்லை, அவர் மெதுவாகப் பேசியதும் ஒரு சொல் விடாமல் கேட்டது. 'அம்மணி, இன்னைக்கோட நான் நின்னுக்கறனுங்க' என்றார். அப்பாதான் மன்னித்துவிட்டாரே என்றேன், எப்படி அதைச் சொல்ல எனக்கு வாய் வந்தது என்று தெரியவில்லை. 'அதானுங்க அம்மணி. அந்த மன்னிப்ப வாங்கிட்டு வேலை செஞ்சா, தப்புச் செஞ்சேன்னு நானே ஒத்துக்கிட்டாப்பல ஆயிருமுங்களே. எங்க சர்ச்சுல பாவ மன்னிப்புக் குடுக்கறாங்க, அதுக்கே முன்னால ஒரு பாவமாச்சும் செஞ்சிருக்கோணுமுங்க' என்று சிரித்தார். நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். 'சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டமுங்க. சனிக்கிழமை நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். நானாச் சொன்னா உங்களப் புடிச்சுக் குடுத்தாப்பல இருக்கும், அதான் தெரியலீங்கன்னேன். உள்பக்கம் பாக்காம உட்டது என்னோட தப்புத்தானுங்க, அதுக்கு எத்தன வேணாலும் ஏச்சு வாங்குவேன். மறைச்சவன்னு பேரு மட்டும் வேண்டாமுங்க' என்றார். அவர் மகள் இளவேனிலுக்கு நர்சிங் கடைசி வருடம், இந்த நேரத்தில் வேலையை விட்டால் எப்படி என்று கேட்டதற்கு, 'வேலையில இருந்தா அவகிட்டயும் இதே கதையத்தான் சொல்லோணும், மன்னிச்சு உட்டாங்கன்னு எப்பிடிச் சொல்றதுங்க' என்றார். வீட்டுக்கு வந்து வண்டியைத் துடைத்து, சாவியை அப்பாவின் மேசையில் வைத்துவிட்டு, தன் டிபன் பையை எடுத்துக்கொண்டு நடந்து போனார். சாயங்காலம் அப்பா, மன்னிச்சதுக்கு அவன் காட்டுன மரியாதையப் பாத்தியா என்றார். அப்போதும் நான் சொல்லவில்லை. புதன், வியாழன், வெள்ளி, நேற்று. நாலு நாள்.

எவ்வளவோ படித்திருக்கிறேன், தான் செய்ததை ஒத்துக்கொள்ள முடியாமல் ஊர் ஊராக அலைகிறவர்களைப் பற்றி எத்தனை புத்தகம், படிக்கும்போதெல்லாம் சொல்லித் தொலையேன் என்று அவர்கள்மேல் எரிச்சல் வரும். அப்பாவின் கோபத்துக்கு நான் பயப்படவில்லை. ஒளித்துக் கற்றுக்கொண்டேன் என்று தெரிந்தால், இந்த வீட்டில் எனக்கென்று நான் வைத்திருந்த அந்தக் காலை ஒரு மணி நேரமும் எல்லோருக்கும் பொதுவாகிவிடும், அதற்குத்தான் பயந்தேன். என் ஒரு மணி நேரத்துக்காக அவருடைய பதிமூன்று வருடத்தைக் கொடுத்துவிட்டேன். உன்னிடம் முதலில் எழுதுவதும் ஒரு கோழைத்தனம்தான், எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது என்பதற்காக எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன்னிடம் வருவதற்குள் அப்பாவிடம் சொல்லியிருப்பேன். நீ அதுவரை அப்பாவிடம் இதைப் பற்றிக் கேட்காதே, பிரான்சிஸுக்கு மட்டும் ஒரு போன் போடு, ஒன்றும் பேசவேண்டாம், நலமா என்று கேட்டால் போதும்.

நீயும் நண்பர்களும் சேர்ந்து பழைய கார் வாங்கியிருப்பதாகச் சொன்னாய். அங்கே குளிருக்கென்று தனி டயர் போடவேண்டுமாமே, யாரோ கொடுத்த பழசு இருக்கிறது, பட்டன் நன்றாக இருக்கிறது என்றாய். பட்டனைப் பார்த்து ஏமாறாதே, அந்த நாலு எண்ணைப் பார், குனிந்து உள்பக்கமும் பார், வெளிச்சம் போதாவிட்டால் கையால் தடவிப் பார். கொள்ளுப் பொடியைச் சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிடு, பாட்டிலை ஈரக் கையால் தொடாதே. கருப்பராயன் பேரைச் சொல்லி உன்னை வாழ்த்த இந்த வாரம் எனக்கு வாய் வரவில்லை, ஆனால் அவர் என்மேல் உள்ள கணக்கை உன்மேல் வைக்கமாட்டார் என்று நம்புகிறேன். நோய் நொடி இல்லாமல், நல்ல பேரோடு, நீண்ட காலம் நன்றாக இரு கண்ணு. டயரைப் பார்த்துவிட்டு மறக்காமல் எனக்கு அந்த எண்ணை எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் சித்தி,
மோகனப்பிரியா.

புதன் காலை. இன்னும் உறையை ஒட்டவில்லை, அதனால் இதையும் சேர்க்கிறேன். திங்கட்கிழமை சாயங்காலம் சொல்லிவிட்டேன், களம், கல், ஆடி மாதத்திலிருந்து ஓட்டியது எல்லாம். அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். 'அந்தக் கல்லுல நீ அடிபட்டிருந்தா' என்று மட்டும் சொன்னார். பிறகு, 'அப்பப் பூவு?' என்றார். இரண்டிலும் வெள்ளை என்றேன். அவர் முகம் அப்போதுதான் மாறியது. என்னைப் பெண் கேட்டு வருமுன் இதே கோவிலில் பூ கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள். 'நம்ம கல்யாணத்துக்குப் பூக் கட்டுனது பூவாத்தாக்காதான?' என்றார். ஆமாம் என்றேன், உன் அத்தையேதான். 'அதைய இப்பப் போயி அவகிட்டக் கேக்கவும் முடியாது' என்று சொல்லி எழுந்து போய்விட்டார். நேற்றுக் காலை என்னை முன்சீட்டில் ஏறச் சொல்லி, அவரே ஓட்டிக்கொண்டு பிரான்சிஸ் வீட்டுக்குப் போனார். சந்தில் நின்று, அக்கம்பக்கம் கேட்கும்படி, 'உன்ற மேல ஒரு தப்பும் இல்ல பிரான்சிஸு, கடையில நான் பேசுனதுதான் தப்பு' என்றார். நானும் சொல்லவேண்டியதைச் சொன்னேன். பிறகு அப்பா முஜீப்புக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவரிடமும் அதையே சொன்னார். பிரான்சிஸ் இரண்டு நாற்காலி எடுத்துப்போட்டார், டீ வந்தது, குடித்தோம். வேலைக்கு வரச்சொல்லி அப்பா கேட்டார். ஒரு பள்ளிக்கூட வேனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் பிரான்சிஸ். இன்று காலை ஏழு மணிக்கு அந்த வேன் நம் வீட்டு வழியாகப் போனது, அவர்தான் ஓட்டினார்.